எட்டுப் பேர், ஒரு ‘ப’, பாதிக்கு மேல் ஆங்கிலம்

‘தி பேண்ட்ஸ் விசிட்’ படத்தின் முதல் நகைச்சுவையைத் தமிழ் எழுத்தில் எழுதிக் காட்ட முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ‘பாம்பு’ என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். இரண்டு இடத்திலும் ‘ப’ வரிசைதான், ஆனால் வாயில் வரும் ஒலி வேறு வேறு. அரபியில் இரண்டாவது ஒலி உண்டு, முதல் ஒலி கிடையாது. அதனால் எகிப்திலிருந்து வந்த ஒருவர் இஸ்ரேலில் இறங்கி ‘பெத்தா திக்வா’வுக்கு வழி கேட்டால், பாம்பின் தலையில் இருக்கும் ‘ப’ வர வேண்டிய இடத்தில் வாலில் இருக்கும் ‘ப’ வந்து நிற்கும், கேட்பவர் காதில் அது ‘பெத் ஹதிக்வா’ என்று விழும். முன்னது டெல் அவிவுக்குப் பக்கத்தில், 1878இல் தொடங்கிய பெரிய ஊர். பின்னது பாலைவனத்துக்கு நடுவே படத்துக்காகக் கற்பனையாக உண்டாக்கிய ஊர். தமிழில் எழுதினால் இரண்டுக்கும் அதே ‘பெ’தான், பேருந்தில் பெயர்ப்பலகை தமிழில் இருந்திருந்தால் நாமும் தப்பான வண்டியில்தான் ஏறியிருப்போம்.

படத்தின் பெயருக்கு ‘இசைக்குழுவின் வருகை’ என்று பொருள். 2007இல் வந்த இஸ்ரேலியப் படம், எழுதி இயக்கியவர் எரான் கொலிரின், திரையரங்குக்கு அவர் எடுத்த முதல் படம். வெளிநாட்டில் வழி தவறிய எட்டு எகிப்து போலீஸ்காரர்களுக்கும், அவர்கள் போய்ச் சேர்ந்த ஊரில் இருக்கும் சில இஸ்ரேலியர்களுக்கும் ஒரே இரவில் உண்டாகும் பழக்கம்தான் கதை. விமர்சனம் எழுதுவதற்காக நான் உட்காரவில்லை. இந்தப் படத்தை அந்த ஆண்டு ஆஸ்கர் வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார்கள், அதற்குச் சொன்ன காரணம் மொழி. அந்தக் காரணத்தைக் கையில் வைத்துக்கொண்டு படத்தைத் திரும்பப் பார்த்தால், எதற்காகத் தள்ளினார்களோ அதில்தான் படத்தின் உயிரே இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. கதை முழுவதும் இங்கே வரும். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரலாம், 87 நிமிடம்தான்.

படத்துக்குள் நடப்பது

அலெக்சாண்ட்ரியா காவல்துறையின் சடங்கு இசைக்குழு. பெயர் பெரிது, ஆட்கள் எட்டுப் பேர். பெத்தா திக்வாவில் திறக்கவிருக்கும் ஓர் அரபுப் பண்பாட்டு மையத்தில் வாசிக்க அழைத்திருக்கிறார்கள். விமான நிலையத்துக்கு வெளியே வெளிர்நீலச் சீருடையில், பெட்டியும் வாத்தியமுமாக வரிசையாக நிற்கிறார்கள். கூட்டிப் போக யாரும் வரவில்லை. குழுத் தலைவர் தௌஃபிக் விறைப்பான மனிதர், தூதரகத்தைக் கூப்பிட்டுக் கெஞ்சுவதைவிட நாமே போய்ச் சேருவோம் என்கிற ரகம். வழி விசாரிக்கும் வேலையைக் குழுவின் இளைஞன் காலித்திடம் கொடுக்கிறார், அங்கேதான் தப்பு நடக்கிறது, ஏனென்றால் காலித்துக்குப் பேருந்தைவிட கவுண்டரில் இருக்கும் பெண் மேல்தான் கவனம், அவளுக்கு அமெரிக்க ஜாஸ் பாடகர் செட் பேக்கரின் பாட்டைப் பாடிக் காட்டிக்கொண்டிருக்கிறான். மேலே சொன்ன ‘ப’வும் சேர்ந்துகொள்ள, பேருந்து அவர்களை ஆள் அரவமே இல்லாத ஒரு சாலையில் இறக்கிவிட்டுப் போகிறது.

ஊரில் ஓர் உணவகம், அதன் சொந்தக்காரி தீனா. இங்கே அரபுப் பண்பாட்டு மையம் எங்கே என்று தௌஃபிக் மரியாதையாகக் கேட்கிறார். அரபுப் பண்பாடும் இல்லை, இஸ்ரேலியப் பண்பாடும் இல்லை, பண்பாடு என்று எதுவுமே இங்கே இல்லை என்கிற மாதிரி அவளிடமிருந்து பதில் வருகிறது. அடுத்த பேருந்து மறுநாள். தங்க விடுதி கிடையாது. சரி, சாப்பிட்டுவிட்டு இங்கேயே படுத்துக்கொள்ளுங்கள் என்கிறாள். தௌஃபிக்கும் காலித்தும் தீனா வீட்டுக்கு, சிலர் இட்ஸிக் என்கிற வேலையில்லாத ஒருவரின் வீட்டுக்கு, மிச்சப் பேர் உணவகத்திலேயே.

இந்த ஊர் கற்பனைதான் என்றாலும் இதன் ஜாடையில் ஊர்கள் நிஜமாக உண்டு. 1950களில் மொராக்கோ, ஈராக் போன்ற நாடுகளிலிருந்து வந்த யூதர்களைக் குடியமர்த்த அரசாங்கம் நெகேவ் பாலைவனத்தில் கொண்டுபோய் வைத்த ஊர்கள். ஒரே அச்சில் வார்த்த கட்டடங்கள், வேலை குறைவு, வெளியே போனவர்கள் திரும்பாத ஊர்கள். வந்திறங்கிய எகிப்தியர்கள் மட்டும் இங்கே அந்நியர்கள் இல்லை, ஊர்க்காரர்களுமே தங்கள் நாட்டின் ஓரத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். தீனாவாக நடித்த ரோனித் எல்கபெட்ஸ் மொராக்கோவிலிருந்து வந்த குடும்பத்துப் பெண். தௌஃபிக்காக நடித்த சாசோன் கபாய் பாக்தாதில் பிறந்து சின்ன வயதில் இஸ்ரேலுக்கு வந்தவர், அதாவது எகிப்தியராக நடிப்பவர் ஈராக்கில் பிறந்த இஸ்ரேலிய யூதர். காலித்தாக வரும் சாலே பக்ரி பாலஸ்தீனர். நடிகர்கள் தேர்வை மட்டும் வைத்தே இன்னொரு கட்டுரை எழுதலாம், இப்போது வேண்டாம்.

நட்பு எந்த மொழியில் நடக்கிறது

இதுதான் விஷயம். எகிப்தியர்கள் தங்களுக்குள் அரபி பேசுகிறார்கள், ஊர்க்காரர்கள் தங்களுக்குள் ஹீப்ரு. ஹீப்ருவும் அரபியும் சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள் மாதிரி, ஒரே செமிட்டிக் குடும்பம், வேர்ச்சொற்கள் பல ஒத்துப்போகும். ஆனால் இவர்கள் அவர்களிடம் பேச வேண்டும் என்றால் இரண்டையும் வைத்துவிட்டு ஆங்கிலத்துக்குப் போகிறார்கள், அதுவும் யாருக்குமே சரியாக வராத ஆங்கிலத்துக்கு.

அந்த ஆங்கிலம் ஆளுக்கு ஆள் எப்படி மாறுகிறது என்று கவனித்தால் கொலிரின் எவ்வளவு உழைத்திருக்கிறார் என்று தெரியும். தௌஃபிக்கின் ஆங்கிலம் அலுவலகக் கடிதம், ஒவ்வொரு வாக்கியமும் சட்டைப் பொத்தானை மேல்வரை போட்டுக்கொண்டு வெளியே வரும். தீனாவுக்கு இலக்கணம் பற்றிக் கவலை இல்லை, கிடைத்த சொல்லை எடுத்து எறிகிறாள், அது நேராகப் போய் இலக்கில் படுகிறது. காலித்துக்குப் பெண்களிடம் பேசத் தேவையான அளவு ஆங்கிலம் இருக்கிறது, அதற்கு மேல் அவன் கற்றுக்கொள்ளவில்லை. இட்ஸிக் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் யாருக்கும் பேச எதுவும் இல்லை, பேசச் சொல்லும் இல்லை. அங்கே அன்றைக்கு அந்த வீட்டு மனைவிக்குப் பிறந்தநாள் வேறு, புருஷன் அழைத்து வந்த எகிப்து போலீஸ்காரர்களைப் பார்த்து அவள் முகம் போகும் போக்கைச் சொல்லி முடியாது. கடைசியில் பெரியவர் ஒருவர் ‘சம்மர்டைம்’ பாட்டைத் தொடங்குகிறார், மற்றவர்களும் சேர்ந்துகொள்கிறார்கள். அதுவும் ஆங்கிலப் பாட்டு, அதுவும் அமெரிக்கப் பாட்டு.

தாய்மொழியில் பேசும்போது நமக்கு ஒளிந்துகொள்ள இடம் இருக்கிறது. வளைத்துச் சொல்லலாம், பாதியில் விட்டுவிட்டுப் பழமொழியால் மூடலாம், குத்திப் பேசிவிட்டுச் சிரிக்கலாம். இருநூறு முந்நூறு சொல் மட்டும் கையில் இருக்கும் மொழியில் அதெல்லாம் நடக்காது. ‘மனைவி இருக்கிறார்களா’ என்று கேட்டால் இருக்கிறார், இல்லை, இந்த இரண்டில் ஒன்றைத்தான் சொல்ல முடியும். தௌஃபிக் மாதிரி ஒருவர், சொந்தக் குழுவிடமே மனசைத் திறக்காதவர், தன் மகன் தற்கொலை செய்துகொண்டதையும், அதற்குத் தன் கண்டிப்பு காரணம் என்று தான் நினைப்பதையும், அந்தத் துக்கத்தில் மனைவியும் போய்விட்டதையும் அன்று மாலைதான் பழகிய பெண்ணிடம் சொல்கிறார் என்றால், அந்த ஓட்டை ஆங்கிலம்தான் அதை இழுத்து வெளியே கொண்டுவருகிறது. அரபியில் யாராவது கேட்டிருந்தால் அவர் நாகரிகமாகப் பேச்சை மாற்றியிருப்பார் என்பது என் எண்ணம்.

அதே இரவில் இன்னொன்றும் நடக்கிறது. தீனா தன் சின்ன வயதைச் சொல்கிறாள். இஸ்ரேலில் ஒரே ஒரு தொலைக்காட்சி அலைவரிசை இருந்த காலத்தில் வெள்ளிக்கிழமை மதியம் அரபிப் படம் போடுவார்கள், பெரும்பாலும் எகிப்தியப் படம், ஓமர் ஷெரீஃப், ஃபாத்தென் ஹமாமா, தெருவே காலியாகிவிடும். இது கொலிரின் கற்பனை இல்லை, அந்தத் தலைமுறை இஸ்ரேலியர்களைக் கேட்டால் இன்றைக்கும் சொல்வார்கள். 1948, 1956, 1967, 1973 என்று நான்கு போர் நடந்த இரண்டு நாடுகள், 1979இல்தான் சமாதான உடன்படிக்கை. ஆனால் எதிரி நாட்டின் கதாநாயகனுக்காக ஒரு சிறுமி வாரா வாரம் காத்திருந்திருக்கிறாள். வாசலில் வந்து நின்ற வெளிர்நீலச் சீருடை அவளுக்கு முற்றிலும் அந்நியமாகத் தோன்றாததற்குக் காரணம் இதுதான்.

பேச்சே இல்லாத இரண்டு இடங்கள்

ஆங்கிலமும் தீர்ந்துபோகிற இடங்களில்தான் படம் உச்சத்துக்குப் போகிறது.

ஒன்று, ஸ்கேட்டிங் அரங்கம். பாப்பி என்று உள்ளூர்ப் பையன், பெண்களைக் கண்டாலே உறைந்துபோகிறவன். அவனுக்காக வந்த பெண்ணோ அழுதுகொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். பெஞ்சில் மூன்று பேர்: அந்தப் பக்கம் அவள், நடுவில் பாப்பி, இந்தப் பக்கம் காலித். கேமரா நேரே எதிரில் இருக்கிறது, நகர்வதே இல்லை. காலித் கைக்குட்டையை எடுத்து பாப்பியிடம் கொடுக்கிறான், பாப்பி அதை அவளிடம் நீட்டுகிறான். அப்புறம் குடிக்கக் கொஞ்சம், அதுவும் கைமாறிப் போகிறது. அப்புறம் காலித் பாப்பியின் முழங்காலில் கையை வைக்கிறான். பாப்பி அதைப் பார்க்கிறான், யோசிக்கிறான், தன் கையை எடுத்து அவள் முழங்காலில் வைக்கிறான். காலித் மெல்லத் தடவுகிறான், இவனும் தடவுகிறான். ஒரு சொல் கிடையாது. ஓர் எகிப்து போலீஸ்காரன் ஓர் இஸ்ரேலியப் பையனுக்குக் காதலிக்கச் சொல்லிக்கொடுக்கிறான், அதுவும் குழந்தைக்குக் கைபிடித்து எழுதக் கற்றுக்கொடுப்பது மாதிரி. ஊமைப்பட காலத்து நகைச்சுவைக்காரர்கள் பார்த்திருந்தால் கைதட்டியிருப்பார்கள்.

இன்னொன்று, தீனாவும் தௌஃபிக்கும் வெளியே உட்கார்ந்திருக்கும் பெஞ்சு. அவள் அதைப் பூங்கா என்கிறாள், மரம் புல் எதுவும் கண்ணில் படாது, கற்பனை செய்துகொள்ள வேண்டியதுதான். குழுவை நடத்தும்போது எப்படி இருக்கும் என்று கேட்கிறாள். அவர் சொல்லப் பார்க்கிறார், சொல் வரவில்லை. கையைத் தூக்கி, இல்லாத வாத்தியங்களை நடத்திக் காட்டுகிறார். அவளும் கையைத் தூக்குகிறாள். இரண்டு நடுவயதுக்காரர்கள் இருட்டில் காற்றில் கையை அசைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இதைக் காதல் காட்சி என்று சொன்னால் தௌஃபிக் எழுந்து போய்விடுவார்.

இவர்களுக்குள் வேறு எதுவும் நடப்பதில்லை. அன்றிரவு தீனாவுடன் போவது காலித், தௌஃபிக்குக்கு அது தெரியும். காலையில் கிளம்பும்போது அவர் கையை லேசாக உயர்த்தி அசைக்கிறார், அவ்வளவுதான். முந்தைய நாள் இரவில் இசைக்கு அசைத்த அதே கை.

சிரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. யாரும் இதில் ஜோக் அடிப்பதில்லை. முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, அகலமான சட்டகத்தில் சின்ன உருவங்களாக நிற்பதுதான் முறை. உணவகச் சுவரில் இஸ்ரேலிய டாங்கியின் படம் ஒன்று தொங்குகிறது, குழுவில் ஒருவர் சத்தமில்லாமல் தன் தொப்பியைக் கழற்றி அதன் மேல் மாட்டுகிறார். சாப்பாடு தொடர்கிறது. இவ்வளவு அரசியல் போதும் என்று கொலிரின் நினைத்திருக்கிறார்.

போதுமா என்று கேட்டால், எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. 2007இல் அந்தப் பகுதியில் எடுத்த படத்தில் பாலஸ்தீனம் என்கிற பேச்சே எழவில்லை, நடிகர்களில் பாலஸ்தீனர்கள் இருந்தும். ஒரு ராத்திரி சேர்ந்து சாப்பிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிற இனிப்பு இதில் இருக்கிறது என்று குறை சொன்னவர்களோடு நான் முழுக்கச் சண்டை போட மாட்டேன். ஆனால் படம் அப்படி எதையும் வாக்களிக்கவில்லை. இப்படி ஒன்று நடந்தது, பெரிய விஷயமில்லை, நிறையப் பேருக்கு நினைவில்லை என்கிற தொனியில்தான் முதல் வரியே திரையில் வருகிறது.

படத்துக்கு நடந்தது

மே 2007, பிரான்சின் கான் திரைப்பட விழா, ‘அன் செர்டன் ரிகார்ட்’ பிரிவு. அங்கே சர்வதேச விமர்சகர்கள் விருது உட்பட சில விருதுகள். அதே ஆண்டு இஸ்ரேலின் தேசியத் திரைவிருதான ஓஃபிரில் எட்டு விருது: சிறந்த படம், இயக்குநர், கபாய்க்கும் எல்கபெட்ஸுக்கும் நடிப்புக்கு, பக்ரிக்குத் துணை நடிப்புக்கு என்று வரிசையாக. ஓஃபிரில் சிறந்த படமாகத் தேர்வாகும் படம்தான் தானாகவே இஸ்ரேல் சார்பில் ஆஸ்கரின் வெளிநாட்டு மொழிப் பட வரிசைக்குப் போகும். போனது.

அங்கே வசனத்தை எண்ணினார்கள். பாதிக்கு மேல் ஆங்கிலம், விதிப்படி தகுதி இல்லை என்று ஆஸ்கர் வழங்கும் அகாதமி சொல்லிவிட்டது. அதன் இடத்தில் ஜோசப் சீடாரின் ‘போஃபோர்’ போய், இறுதி ஐந்துக்குள்ளும் வந்தது. லெபனானில் ஒரு கோட்டையிலிருந்து வெளியேறும் இஸ்ரேலியப் படைவீரர்களைப் பற்றிய படம் அது, நல்ல படம்தான், அதன் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. ஆனால் சமாதானப் படம் மொழியால் வெளியே போக, போர்ப் படம் உள்ளே வந்தது என்பதைக் கவனிக்காமலும் இருக்க முடியவில்லை.

விதி அநியாயமாகப் போட்டது என்றும் சொல்ல மாட்டேன். அமெரிக்கக் கடைத்தெருவில் ஆங்கிலப் படத்தோடு போட்டி போட முடியாத படங்களுக்கு ஒரு தனி வாசல் வேண்டும், அந்த வாசல் வழியே ஆங்கிலப் படங்களே நுழைந்துவிட்டால் பிறகு எதற்கு அந்த வாசல்? இது நியாயம்தான். அதோடு, சரியாக அதற்கு முன்தான் அகாதமி இன்னொரு முடிச்சைத் தளர்த்தியிருந்தது. 2005இல் இத்தாலி அனுப்பிய ‘பிரைவேட்’ என்கிற படத்தில் இத்தாலிய மொழியே இல்லை, அரபியும் ஹீப்ருவும் ஆங்கிலமும்தான் என்று தள்ளினார்கள். அதில் எழுந்த முணுமுணுப்புக்குப் பின், அனுப்பும் நாட்டின் மொழியிலேயே படம் இருக்க வேண்டியதில்லை என்று 2006இல் மாற்றினார்கள். ஆக, கொலிரின் படம் முழுக்க அரபியிலேயே இருந்திருந்தாலும் இஸ்ரேல் சார்பில் போயிருக்கலாம். ஆங்கிலம் மட்டும் ஆகாது.

சிக்கல் எங்கே என்றால், விதிக்குத் தெரிந்தது ஒரே ஆங்கிலம். அமெரிக்கரின் ஆங்கிலமும் தீனாவின் ஆங்கிலமும் அதன் தராசில் ஒரே எடை. இந்தப் படத்தில் ஆங்கிலம் ஒருவருடைய வீட்டு மொழியும் கிடையாது, அது இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கும் சந்து. எகிப்தியர்களும் இஸ்ரேலியர்களும் எவ்வளவு அதிகமாக ஒருவரோடு ஒருவர் பேசுகிறார்களோ, ஆங்கிலத்தின் சதவீதம் அவ்வளவு ஏறும். அவரவர் அறையில் அவரவர் ஆட்களோடு மட்டும் பேசிக்கொண்டு இருந்திருந்தால் படம் தகுதி பெற்றிருக்கும். கணக்காகவே சொன்னால், நட்பு 50 சதவீதத்தைத் தாண்டியதால் வெளியேற்றம்.

இது இந்தப் படத்தோடு முடியவில்லை. 2019இல் அந்தப் பிரிவுக்குச் ‘சர்வதேசத் திரைப்படம்’ என்று பெயர் மாற்றினார்கள், வெளிநாடு என்கிற சொல் பழையதாகிவிட்டது என்று. விதியை மாற்றவில்லை. அதே ஆண்டு நைஜீரியா முதன்முதலாக அனுப்பிய, ஜெனிவீவ் நாஜி இயக்கிய ‘லயன்ஹார்ட்’ படத்தில் ஒன்றரை மணி நேரத்துக்கு 11 நிமிடம்தான் அந்நாட்டு மொழிகளில் ஒன்றான இக்போ, மிச்சம் ஆங்கிலம் என்று தள்ளினார்கள். ஆங்கிலம் நைஜீரியாவின் ஆட்சிமொழி. அங்கே இக்போக்காரரும் யொரூபாக்காரரும் பேசிக்கொள்வது அதில்தான். பெத் ஹதிக்வாவின் அதே சந்து, கொஞ்சம் அகலமாக.

அமெரிக்கப் பக்கம் இப்படி என்றால் அரபுப் பக்கம் வேறு விதம். கெய்ரோ, அபுதாபி இரண்டு திரைப்பட விழாக்களிலும் படத்துக்கு இடம் கிடைக்கவில்லை. காரணம் எளிது, இஸ்ரேலியப் படம். 1979இல் அரசுகள் கையெழுத்துப் போட்டாலும் எகிப்தின் கலைஞர் சங்கங்கள் இஸ்ரேலோடு எந்தக் கொடுக்கல் வாங்கலும் கூடாது என்பதில் உறுதியாக இருந்தவை. அவர்களுக்கு அதற்கான காரணங்கள் இருந்தன, அதைப் பற்றி வெளியிலிருந்து எனக்குத் தீர்ப்புச் சொல்ல வராது. எகிப்தியர்களை இவ்வளவு மரியாதையாகக் காட்டிய ஓர் இஸ்ரேலியப் படத்தை எகிப்தியர்கள் ஒரு விழா அரங்கில் பார்க்க முடியாமல் போனது என்பது மட்டும் உண்மை. ஐரோப்பியத் திரைவிருதில் அந்த ஆண்டு சிறந்த நடிகர் கபாய்.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. 2016 டிசம்பரில் நியூயார்க்கின் ஒரு சின்ன அரங்கில் இந்தக் கதை இசை நாடகமானது, இசை டேவிட் யாஸ்பெக், வசனம் இட்டமார் மோசஸ். 2017 நவம்பரில் நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் பிராட்வேக்குப் போனது, 2018 ஜூனில் அமெரிக்க நாடக உலகின் பெரிய விருதான டோனியில் 10 விருதுகள். வெள்ளிக்கிழமைப் படங்களைப் பற்றித் தீனா பேசியது அங்கே ஓமர் ஷெரீஃப் பெயரிலேயே ஒரு முழுப் பாட்டாகியிருக்கிறது. எண்ணிப் பார்த்து வெளியே அனுப்பிய அந்தக் கோணல் ஆங்கிலத்தை, காசு கொடுத்து டிக்கெட் வாங்கி உட்கார்ந்து கேட்டது அமெரிக்கக் கூட்டம்.

விருது வாங்கிய அதே மாதத்தில் தௌஃபிக் வேடத்துக்கு ஒரு புது நடிகர் மேடையேறினார். சாசோன் கபாய். பதினோரு வருஷம் கழித்து, அதே வெளிர்நீலச் சீருடையில், பொத்தானை மேல்வரை போட்ட அதே ஆங்கிலத்தோடு.